வலப்பக்கக் கிண்ணம்

மிதிவண்டியின் இரு மிதிகளையும் இணைக்கும் குறுக்கச்சு, சட்டத்தின் அடியில் உள்ள குறுகிய குழாய்க்குள் படுத்திருக்கிறது. அதன் இரு முனைகளையும் இரண்டு எஃகுக் கிண்ணங்கள் தாங்குகின்றன. கிண்ணத்துக்கும் அச்சுக்கும் இடையில் மிளகைவிடச் சற்றே பெரிய குண்டுகள் வட்டமாக அமர்ந்து உருள்கின்றன. அவை உராய்ந்து தேயாதபடி சுற்றிலும் மசகு அப்பியிருக்கும். இந்தத் தொகுதி முழுவதையும் ஆரணிக் கடைகளில் பி.பி. என்று இரண்டெழுத்தில் முடித்துவிடுவார்கள். நீரும் மண்ணும் புகாமல் இருந்தால் அது பல ஆண்டுகள் உழைக்கும். அப்படியொன்று இருப்பதையே அறியாமல் வண்டியை விற்றுவிடுகிறவர்களும் உண்டு. எங்கள் வீட்டு வண்டி ஒன்றில் அதை ஒரு மழைக்காலத்தில் மாற்றினால் அடுத்த மழைக்காலத்தை அது கண்டதில்லை. அதனால்தான் எனக்கு இவ்வளவும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொள்ள விரும்பியவன் அல்லன் நான். மிதிவண்டிக் கடையின் பலகையில் காத்துக் காத்துத் தெரிந்துகொண்டவன்.

வண்டி என் தங்கையுடையது. மிகச் சிறு வயதிலேயே இளம்பிள்ளைவாதம் கண்டு அவளுடைய வலக்கால் சூம்பிவிட்டது. இப்போது ஐம்பதைக் கடந்துவிட்டாள். கண்ணமங்கலம் சாலையில் உள்ள ஒரு பள்ளியில் தையல் கற்பிக்கிறாள். திருமணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். என்னோடும் என் மனைவியோடும் வாழ்கிறாள். நான் தமிழாசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவன். தெருவில் பெரும்பாலும் பட்டுத் தறி வீடுகள். கிறித்தவக் குடும்பம் எங்களோடு சேர்த்து இரண்டோ மூன்றோ.

அவள் மிதிவண்டி ஓட்டும் முறை அவளாகவே அமைத்துக்கொண்டது. வாயிலில் கிடக்கும் சதுரக்கல்லில் இடக்காலை ஊன்றி வண்டியில் அமர்வாள். வலது மிதியில் பழைய சேலைக் கரையால் தைத்த பட்டையொன்று உண்டு. அதற்குள் வலப்பாதத்தை நுழைத்துக்கொள்வாள். மிதிப்பதெல்லாம் இடக்கால்தான். வலக்கால் உடன் சுற்றிவரும். நடக்கும்போது அடிதோறும் அவள் தோள் தாழ்ந்தெழும். எதிரே வருகிறவர் பார்வை உடனே கீழே இறங்கும். வண்டியில் ஏறித் தெருமுனையைத் திரும்பிவிட்டால் அந்தப் பார்வைகள் இல்லை. இதை அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பள்ளிக்கூட வேனைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் குரல் தடித்துவிடும்.

“அந்தப் படி எம்மாம் ஒசரம் தெரியுமாண்ணா? காலைல ஒருத்தங்க கை குடுத்து ஏத்தணும், சாயந்தரம் ஒருத்தங்க கை குடுத்து எறக்கணும். எட்டாங் கிளாசு பொண்ணுங்க, ‘மிஸ் பாத்து, மிஸ் பாத்து’ன்னுகினு நிக்கும். எனக்கு வேணாம்.”

ஆனால் பி.பி. கெட்டுக்கொண்டே இருந்தது. முதலில், மிதி ஒருமுறை சுற்றினால் ஒருமுறை ‘டக்’ என்று கேட்கும். பத்துப் பதினைந்து நாளில் அந்த ஒலி நறநறப்பாக மாறும். பிறகு மிதித்தண்டு பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். சங்கிலி கழன்று விழும். ஒவ்வொரு முறையும் வண்டியை உருட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகிறவன் நான். ஓய்வுபெற்ற ஒருவனுக்குக் குடும்பத்தில் இத்தகைய வேலைகள் தாமாகவே வந்து சேர்கின்றன. கடைக்காரர் என்னைத் தொலைவில் கண்டதுமே சிரிக்கத் தொடங்கிவிடுவார்.

“வாங்க சார். இன்னா, தங்கச்சிம்மா மறுபடியும் தின்னுட்டாங்களா?”

“சத்தம் வருகிறது. பாருங்கள்.”

“பாக்காமயே சொல்றேன் சார். பி.பி. அவுட்டு. ரெண்டு காலும் சமமா மிதிச்சாதானே ஆக்சிலு நேரா நிக்கும்? ஒத்தக் கால்ல மிதிச்சிகினு இருந்தா அது ஒரு பக்கமாவே இஸ்துகினு கெடக்கும். கப்பு இன்னா பண்ணும், பாவம்!”

அவர் சொல்லுக்கு என் வண்டியே சான்றாக நின்றது. என்னுடையதும் அவளுடையதும் ஒரே கடையில் அடுத்தடுத்து வாங்கியவை. ஒரே தெரு, ஒரே மழை, ஒரே புழுதி. என் வண்டியின் அச்சைத் திறந்து பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஓட்டுகிறவரின் கால்தான் என்று எல்லாரும் கொண்டோம். அவளும் அப்படியே கொண்டாள். புதிய கிண்ணம் போட்டு வண்டியை வீட்டில் கொண்டுவந்து நிறுத்தும்போதெல்லாம், தன் வலக்காலைக் கையால் தூக்கி மற்றோர் இருக்கைமேல் வைத்து, “இது எம்மாம் இரும்பு தின்னாலும் சதை வைக்க மாட்டேங்குது பாரு” என்பாள். நாங்கள் சிரித்திருக்கிறோம். அந்தச் சிரிப்பும் எனக்கு அலுத்துப்போயிருந்தது.

ஒரு வழக்கத்தை இங்கே சொல்லவேண்டும். பட்டு நெய்கிற ஊரில், துணியில் மசகு படுவதைப் போலப் பெண்கள் அஞ்சுவது வேறொன்றில்லை. சங்கிலிக்கு விடுகிற எண்ணெய் அச்சின் வழியே இறங்கிச் சேலைக் கொசுவத்தில் தெறிக்கும் என்பதால், எங்கள் தெருவில் பெண்கள் ஓட்டும் வண்டிகளில் சங்கிலி ஓடும் வலப்பக்கத்துக் கிண்ணத்தின் வாயில், அச்சைச் சுற்றிப் பட்டுக் கழிவை இறுக்கிக் கட்டுவார்கள். தறி வீடுகளில் அறுந்தும் சிக்கியும் மிஞ்சுகிற இழைகள் அவை. அரக்கு, மயில் நீலம், மாம்பழ மஞ்சள் என்று நிறம் நிறமாக ஒரு சிறு வளையம். வண்டி ஓடும்போது பார்க்க அழகாகவே இருக்கும். என் தங்கை சனிக்கிழமைதோறும் அதை அவிழ்த்துப் புதிது கட்டுவாள். தையல்காரியின் விரல்கள், ஓர் ஊசி நுழைய இடமிருக்காது. ஆண்களின் வண்டியில் இது கிடையாது. வேட்டியில் கறை பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும் என்று இருப்பவர்கள் நாங்கள்.

சென்ற ஆவணியில் அவள் விழுந்தாள்.

மாலை இடிமழை ஓய்ந்த நேரம். பள்ளியிலிருந்து திரும்பி வந்தவள், பெருஞ்சாலையிலிருந்து எங்கள் பக்கம் திரும்பும் இடத்தில் மிதியை அழுத்தியிருக்கிறாள். உள்ளே ஒரு குண்டு உடைந்து கிண்ணத்துக்கும் அச்சுக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. மிதி அசையவில்லை. வலப்பாதம் பட்டைக்குள் இருந்தது. அதை விரைந்து உருவ அவளால் இயலாது. வண்டியோடு வலப்பக்கமாகச் சாய்ந்தாள். பின்னால் வந்த வேலூர்ப் பேருந்து நின்றுவிட்டது. எவ்வளவு தொலைவில் நின்றது என்பதை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். நான் யாரிடமும் மீண்டும் கேட்கவில்லை. முழங்கையில் தோல் வழன்றிருந்தது, இடுப்பில் கன்றிப்போயிருந்தது. வேறொன்றுமில்லை.

என் மனைவி அன்றிரவு அவளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். மறுநாள் காலையில் பேசினாள்.

“போதும்மா. அந்தச் சைக்கிள வித்துடலாம். வேன்ல போ. ஒன்னும் கொறஞ்சு போயிடாது.”

“கொறஞ்சு போறது உங்களுக்கு இல்ல அண்ணி.”

“வாய் மட்டும் உயுவல, பாத்தியா. மத்ததெல்லாம் கீய உயுந்துச்சு.”

தங்கை சிரிக்கவில்லை. முழங்கையின் கட்டைச் சரிசெய்துகொண்டு, தானே ஒரு வரம்பு வகுத்தாள். “புதுசா எல்லாத்தையும் மாத்திடலாம். ஆக்சிலு, ரெண்டு கப்பு, பால்சு, நல்ல கிரீசு. கிறிஸ்துமஸ் வரைக்கும் சத்தம் வராம ஓடுச்சுன்னா நான் ஓட்டிகினே இருப்பேன். அதுக்கு முன்னாடி ஒரு சத்தம் வந்தாலும் நானே உட்டுடறேன். ஜனவரிலேர்ந்து வேனு. நீங்க யாரும் சொல்ல வேணாம்.”

“சொன்ன பேச்சு மாறக் கூடாது” என்றாள் என் மனைவி.

“மாறாது.”

எல்லாவற்றையும் புதிதாக மாற்றியபின் வந்த மாதங்களில் நான் செவியாகவே வாழ்ந்தேன். மாலையில் வண்டி தெருவுக்குள் நுழையும்போது செய்தித்தாளைத் தாழ்த்திக் கேட்பேன். தறிகளின் ஒலி எல்லா வீடுகளிலிருந்தும் வந்துகொண்டிருக்கும். அதனூடே ஒரு சிறு ‘டக்’கைப் பிரித்தறிய வேண்டும். புரட்டாசியில் கேட்கவில்லை. ஐப்பசியிலும் கேட்கவில்லை. ஒலி வரவேண்டும் என்று என் மனைவி விரும்பினாளா, வரக்கூடாது என்று விரும்பினாளா என்பதை அவள் முகத்தில் என்னால் படிக்க முடியவில்லை. நான் எதை விரும்பினேன் என்று யாராவது கேட்டிருந்தாலும் என்னிடம் விடை இருந்திராது. மேலும் ஒருமுறை வண்டியை உருட்டிக்கொண்டு போகும்படி நேரக்கூடாது என்பது மட்டும் உறுதி.

கார்த்திகையில் புயல்மழை பிடித்துக்கொண்டது. பாலத்துக்கு அப்பால் தாழ்வான இடங்களில் சாலையே தெரியவில்லை. பள்ளி விடுமுறை விட்ட நாட்கள் போக மற்ற நாட்களில் அவள் நீருக்குள்ளேயே மிதித்துப் போய்வந்தாள். மழை விட்டது, வெயிலும் அடிக்கத் தொடங்கியது. அடுத்த தெருவில் ஒரு வீட்டில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம்கூட ஏறிவிட்டது. அந்த வாரம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வாயிலுக்கு வெளியே அது கேட்டது.

‘டக்.’

அவள் கல்லின்மேல் காலூன்றி நின்றாள். சன்னலில் நான் இருந்தேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அடுக்களையில் குக்கர் கூவிக்கொண்டிருந்தது. என் மனைவிக்குக் கேட்டிருக்காது. தங்கை வண்டியை உள்ளே தள்ளிவந்து சுவரில் சாய்த்தாள். என்னருகில் வந்ததும் தாழ்ந்த குரலில், “நாளைக்குக் கடைக்கு நானும் வரேண்ணா” என்றாள்.

“நீ எதற்கு?”

“இத்தினி வருசமா என் காலு இன்னா தின்னுதுன்னு நான் பாத்ததே இல்ல. கடைசியா ஒரு தரம் பாத்துடறேன்.”

சனிக்கிழமை காலை வண்டியை நான் உருட்ட, அவள் பின்னிருக்கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்துவந்தாள். அவளைக் கண்டதும் கடைக்காரர் எழுந்து, பலகையைத் துண்டால் தட்டினார்.

“வாங்கம்மா, வாங்க! நீங்களே வந்துட்டீங்க. இன்னும் நாலு மாசம் கூட ஆவலியே?”

“பேசாம தொறங்க. நான் பாக்கணும்.”

“இதுல இன்னாம்மா பாக்கறது? பேஜார் புடிச்ச வேல. கை கால்லாம் கிரீசு ஆவும்.”

“உங்க கைதானே ஆவும். தொறங்க.”

அவர் சங்கிலிப் பக்கத்தில் கட்டியிருந்த பட்டு வளையத்தைப் பிளேடால் அறுத்து எறிந்தார். மிதித்தண்டுகளைப் பிணைத்திருந்த ஆப்புகளைச் சுத்தியால் தட்டி எடுத்தார். முதலில் இடப்பக்கக் கிண்ணம் வெளிவந்தது. வழக்கமாக அதைக் கழற்றிய கையோடு பழைய தகர டப்பாவில் போட்டுவிடுவார். அதைக் கையில் வாங்கிப் பார்க்கலாம் என்பது எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. தங்கை கையை நீட்டினாள். உள்ளே மசகு தேன் நிறம் மாறாமல் இருந்தது. அவள் தன் கைக்குட்டையால் துடைத்தாள். குண்டுகள் ஓடிய தடம் கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருந்தது, குண்டுகளும் பளபளத்தன.

பின்பு வலப்பக்கக் கிண்ணம். அது எளிதில் அசையவில்லை, துரு கவ்வியிருந்தது. கழன்று வந்தபோது அதற்குள் மசகு என்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லை. செங்கல்லை அரைத்துக் குழைத்ததுபோல் ஒரு சேறு. அதை வழித்தெடுத்தால் தடம் முழுவதும் அம்மைத் தழும்பாகக் குழிகள். குண்டுகளில் சில பொரிந்திருந்தன.

தங்கை இரண்டு கிண்ணங்களையும் மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டின் தடத்தையும் விரலால் தடவிவிட்டுக் கேட்டாள்.

“நான் எந்தக் கால்ல மிதிக்கிறேன்?”

“இதான்மா, இந்தக் காலு. எடது.”

“கெட்டது எந்தப் பக்கம்?”

கடைக்காரர் ஒரு கணம்தான் தயங்கினார். “அது அப்படித்தாம்மா. பசங்க பார்க்குல பலகை ஆடுது பாத்துகீறீங்களா? இந்தப் பக்கம் ஒக்காந்தா அந்தப் பக்கம் தூக்கும். நீங்க இங்க அமுக்கறீங்க, அது அங்க போயி இடிக்குது.”

அவர் சொன்னது பொருந்துவதுபோலவும் இருந்தது, பொருந்தாததுபோலவும் இருந்தது. எப்படியிருந்தால் என்ன, வீட்டுக்குப் போய் உண்ணலாம் என்றே என் மனம் ஏங்கிற்று. தங்கை குனிந்து, அறுத்தெறிந்த பட்டு வளையத்தைத் தரையிலிருந்து எடுத்தாள். அரக்கு நிறத்தில் கட்டியிருந்தது கறுத்துப்போயிருந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்துப் பிழிந்தாள். பழுப்பு நீர் சொட்டியது. சொட்டின் மேற்பரப்பில் எண்ணெய் நிறம் காட்டியது.

“இத்தினி நாளா வெயிலு காயுது” என்றாள். “நானும் புதன்கெழமையிலேர்ந்து காஞ்ச ரோட்டுலதான் வரேன். இது இன்னும் ஈரம்.”

“பட்டு அப்படித்தாம்மா, தண்ணிய உடாது.”

“உங்க கிரீசயும்தான் உடல. பாருங்க, உள்ள இருக்க வேண்டியதெல்லாம் இதுலதான் கீது. அத்த இஸ்துகினு, தண்ணிய உள்ள அனுப்பிகீது.”

“அட, ஊரே கட்டிகினு கீதும்மா! உங்க தெருவுல எல்லா லேடீசு சைக்கிள்லயும் கட்றாங்க. எல்லாருக்கும்தான் போவுது, மாத்திகினுதான் போறாங்க.”

தங்கை தலையை நிமிர்த்தினாள். “எல்லாருக்கும் போவுதா?”

“போவும். இன்னா, உங்களுக்குக் கொஞ்சம் ஜல்தியா போவுது. நீங்க தெனம் ஓட்டறீங்க, மழைலயும் ஓட்டறீங்க. அவங்க மார்க்கெட்டுக்குப் போறதோட சரி.”

“எல்லாருக்கும் போவுதுன்னு ஒரு தரம் எங்கண்ணன் கிட்ட சொன்னீங்களா? என் காலு தின்னுதுன்னுதான சொல்லினு இருந்தீங்க?”

“தமாசுக்குச் சொல்றதும்மா அது.” அவர் என் பக்கம் திரும்பினார். “சார், நீங்க சொல்லுங்க. தமாசுதானே?”

நான் தரையில் கிடந்த ஆப்புகளைப் பொறுக்கி அவரிடம் கொடுத்தேன். அவர் புதிய வலப்பக்கக் கிண்ணத்தை எடுத்து, மசகை இருமடங்காக அப்பினார். அச்சை மாட்டியதும் தம் சட்டைப்பையிலிருந்து கொஞ்சம் பட்டுக் கழிவை எடுத்தார். கை அந்த வழக்கத்திலேயே போயிற்று. தங்கை, “அத்தத் தொடாதீங்க” என்றாள். அவர் அதை மீண்டும் பையில் போட்டுக்கொண்டார்.

கடைப்படியில் இடக்காலை ஊன்றி ஏறி, வீட்டுக்கு அவள் ஓட்டிக்கொண்டே போனாள். நான் நடந்து போய்ச் சேர்ந்தபோது அவள் உண்டு முடித்து, அடுத்த வாரத்துக்கான துணிகளை வெட்டிக்கொண்டிருந்தாள். என் மனைவியிடம் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை என்பது தெரிந்தது. நானும் சொல்லவில்லை. இரண்டு பெண்களுக்கு நடுவே செய்தி கொண்டுபோகிற வேலையை நான் என்றைக்கும் நன்றாகச் செய்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து உணவு உண்டோம். உண்டபின் என் மனைவி சற்றுக் கண்ணயர்வாள். அன்று அவள் எழுந்து வந்தபோது மேசைமேல் ஒரு டம்ளர் நிறைய நீர் இருந்தது. பக்கத்தில் அவளுடைய எவர்சில்வர் தட்டு. டம்ளருக்குள்ளிருந்து ஒரு பட்டுச் சரடு விளிம்பைத் தாண்டித் தட்டுக்குள் இறங்கியிருந்தது. தட்டில் நீர் தேங்கியிருந்தது, டம்ளரில் குறைந்திருந்தது.

“இன்னா இது கூத்து? என் தட்டுல ஏன் தண்ணி?”

“நான் ஊத்தல அண்ணி. பட்டு ஏறி வந்து ஊத்திகீது. அண்ணன கேளுங்க, நாங்க யாரும் தொடல.”

நான் தலையசைத்தேன். தங்கை எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளிக்கிழமை மாலை ஒலி வந்ததை முதலில் சொன்னாள். மறைக்கவோ மழுப்பவோ இல்லை. இடக் கிண்ணம், வலக் கிண்ணம், பிழிந்த நீர் எல்லாம் அதன் பிறகு. இரண்டு பழைய கிண்ணங்களையும் பையிலிருந்து எடுத்துத் தட்டின் பக்கத்தில் வைத்தாள். என் மனைவி அவற்றைத் தொடவில்லை.

“கிறிஸ்துமசுக்கு முன்னாடியே சத்தம் வந்துடுச்சு அண்ணி. சொன்ன பேச்சு சொன்னதுதான். ஜனவரிலேர்ந்து நான் வேன்ல போறேன்.” அவள் மூச்சு விட்டுக்கொண்டாள். “ஆனா என் காலு தின்னுச்சுன்னு இனிமே இந்த வீட்டுல யாரும் சொல்லக் கூடாது. நானும் சொல்ல மாட்டேன். நானே கட்டி நானே கெடுத்துகினு இருந்துகீறேன், அது வேற. என் காலு இல்ல.”

என் மனைவி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நீரைக் கொட்டும் ஒலி கேட்டது. தட்டைத் தேய்க்கும் ஒலி, தேய்த்ததையே மீண்டும் தேய்க்கும் ஒலி. திரும்பி வந்தவள் முந்தானையில் கையைத் துடைத்தபடி நின்றாள்.

“தண்ணி ஏறுது. சரி, பாத்துட்டேன். ரோட்டுல பஸ்ஸு ஏறாம இருக்குமா?”

தங்கை ஈரச் சரடைச் சுருட்டி டம்ளருக்குள் போட்டாள். என் மனைவி விடவில்லை.

“அந்த ரெண்டெழுத்து எனக்கு இன்னா தெரியும்? நீங்க அண்ணனும் தங்கச்சியும் கப்புன்றீங்க, பால்சுன்றீங்க. எனக்கு அதுவா கவல? நீ ரோட்டுல கெடந்தன்னு கறிகாய்க்காரம்மா ஓடியாந்து சொன்னாங்க. செருப்ப மாட்டக் கூட எனக்குக் கால் வரல. அன்னிலேர்ந்து மணி அஞ்சு ஆச்சுன்னா அடுப்பாண்ட கை ஓட மாட்டேங்குது. நீ பாட்டுக்குச் சிரிச்சிகினு வந்து எறங்கற. எனக்கு ஒவ்வொரு நாளும் அது ஆவுது.”

ஏறக்குறைய நான்கு மாதங்களாக நான் ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில் அவள் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியவில்லை. தங்கைக்கும் தெரிந்திருக்கவில்லை என்பதை அவள் முகத்தில் கண்டேன். அவள் கிண்ணங்களை எடுத்து மீண்டும் பைக்குள் போட்டாள்.

“அதான் உட்டுடறேன்னு சொல்லிட்டேனே அண்ணி.”

“உட்டுட்டு? வேன்ல ஏறத்துக்கு முன்னாடி மூஞ்ச தூக்கி வெச்சிகினு நிப்ப. அத்தயும் நான்தான் பாக்கணும்.” என் மனைவி இருக்கையை இழுத்து உட்கார்ந்தாள். மேசையில் சிந்தியிருந்த நீரில் விரலால் கோடிழுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முகத்தில் சினம் இல்லை. பெரிய அயர்ச்சி மட்டும் இருந்தது. பின்பு, யாரையும் பாராமல், “ஏரிக்கரை மேல போனா இன்னா?” என்றாள்.

“ஏரிக்கரையா? அது எம்மாம் சுத்து!”

“சுத்துதான். பஸ்ஸு வராது, லாரி வராது. மாடு வரும். ஸ்கூலாண்ட போயி ரோட்டுல ஏறினா போதும். உயுந்தா கூட மண்ணுலதான் உயுவ.”

“உயுறதுலயே இருங்க அண்ணி நீங்க.”

“வர வழியிலயும் அதே வழி. ரோட்டுல வந்தன்னு யாராவது சொன்னாங்க, அப்பால பேச்சே இல்ல. வேனும் இல்ல, சைக்கிளும் இல்ல, வூட்டுல ஒக்காந்து பாவாடைக்கு நாடா கோத்துகினு இரு.”

தங்கை சிரித்தாள். ஒத்துக்கொண்டதாக வாயால் சொல்லவில்லை. எழுந்து போய், திங்கட்கிழமைக்கான சேலையை எடுத்து, அதன் கரைக்கு உட்புறமாகக் கறுப்புத் துணியில் ஓர் ஓரம் வைத்துத் தைக்கத் தொடங்கினாள். பட்டு வளையம் இல்லாத வண்டியில் மசகு தெறிக்கத்தான் செய்யும்; தெறித்தால் அந்தக் கறுப்பில் படட்டும் என்று எண்ணியிருப்பாள்.

நான் ஏரிக்கரையைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்தேன். முழுக்க மண்பாதை. மழையில் சேறு, வெயிலில் பொடி. சுற்றுவழி என்பதால் மிதிக்க வேண்டிய தொலைவும் மிகுதி. குண்டுகளுக்கு இடையில் புகுந்த மண் நீரைப் போலவே கிண்ணத்தை அரித்துவிடும். பட்டு இல்லாவிட்டாலும் அது என் வண்டியைப் போல நெடுங்காலம் உழைக்கப்போவதில்லை. ஒரு மழைக்காலத்தைத் தாண்டினால் பெரிது. மீண்டும் உருட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும். இதை வாயெடுத்துச் சொல்லத் தொடங்கியவன் நிறுத்திக்கொண்டேன். இருவரும் தற்செயலாக ஓரிடத்தில் வந்து நின்றிருந்தார்கள். அவர்களை அங்கிருந்து நகர்த்த எனக்கு வலுவில்லை.

திங்கட்கிழமை எல்லாரும் முன்னதாக எழ வேண்டியதாயிற்று. சுற்றுவழிக்கு நேரம் பிடிக்குமல்லவா? தெருவில் ஒரு தறியும் இன்னும் ஒலிக்கவில்லை. தங்கை சேலையைச் செருகிக்கொண்டு, எரிச்சலோடு தலை வாரிக்கொண்டிருந்தாள். காலைத் தூக்கம் அவளுக்கு உயிர். என் மனைவி அடுக்களையில் எதையோ தேடி, கிடைக்காமல், முணுமுணுத்தாள். பிறகு டம்ளரோடு வெளியே வந்தாள்.

“பால் இன்னும் வரல. இந்நேரத்துக்கு எவன் கொண்டாருவான்? வரக்காப்பிதான். மூஞ்சிய சுளிக்காம குடிச்சிட்டுக் கெளம்பு. ஏரிக்கரைல வெளிச்சம் வந்திருக்கும்.”